தில்லிக்கு 323 மீட்டர். தமிழனுக்கு 30 மீட்டரா?

இராமேசுவரம் தீவில் மலை இல்லை. கந்தமாதன பருவதம் என்று வடமொழியில் பெரும்பெயர் சூட்டி அழைக்கப்படுவதும் ஒரு சிறு மேடே. மலையற்ற அந்த மணல்மண்ணில் இந்திய அரசு 1990களில் ஒரு மலையைக் கட்டி எழுப்பியது. கற்காரைத் தூணும் அதன் தலையில் எஃகுக் கம்பமுமாக 323 மீட்டர் உயர்ந்து நிற்கும் தூர்தர்சன் கோபுரமே அது. இந்தியாவின் மிக உயர்ந்த ஒளிபரப்புக் கோபுரம் எனப் பெயர் பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ ஐந்து முறை அடுக்கினால்தான் அதன் உச்சியை எட்ட முடியும். தமிழரின் வரிப்பணமும் கலந்த கல்லும் மணலும் அது.

இத்துணை உயரம் ஏன்? தொலைக்காட்சிக்கும் பண்பலைக்கும் உரிய அலைகள் நேர்கோட்டில் செல்லும் இயல்பின. நிலவுருண்டையின் வளைவு அவற்றை மறித்துவிடும். எனவே அலைகள் புறப்படும் இடம் உயர உயர அவை எட்டும் எல்லையும் விரியும். கோடைக்கானலில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை இயற்கையே கொடையாகத் தந்தது. அம்மலையில் எழுந்த அலைகள் மதுரையையும் முகவையையும் கடந்து யாழ்ப்பாணத்து வீடுகளிலும் படம் காட்டின. முகவைக் கரையிலோ அத்தகைய உயரத்தைக் கையால் கட்ட வேண்டியிருந்தது. 323 மீட்டர் உயரத்தில் புறப்படும் அலை ஏறத்தாழ 74 கிலோமீட்டர் வரை தடையின்றிச் செல்லும். வாங்கும் கம்பம் உயர்ந்திருந்தால் அதற்கும் அப்பால் செல்லும். மன்னார்க் கரையும் பாக்கு நீரிணையின் பெரும்பகுதியும் அதன் வீச்சுக்குள் அடங்கும். தமிழன் வலைவீசும் கடல் முழுவதற்கும் குரல் கொடுக்கவல்ல கோபுரம் என்று அதனைச் சொல்வது மிகையாகாது. அது எந்த மொழியில், எவர் பொருட்டுக் குரல் கொடுக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அக்கரையின் கதையையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1982 பெப்ரவரி 15இல் இலங்கை அரசு தன் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அத்தீவின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையிலிருந்து அதன் அலைகள் பரவின. முகவை, தூத்துக்குடிக் கரையில் அன்று தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் சென்னையைக் காணுமுன் கொழும்பைக் கண்டனர். அக்கரைப் பெயர் ரூபவாகினி. இக்கரைப் பெயர் தூர்தர்சன். இடையில் வாழும் இரு கரை மக்களும் தமிழர்; அவர்கள் வீட்டுப் பெட்டிக்கு இரு அரசுகளும் வைத்த பெயரோ வடமொழி! தொலைக்காட்சி என்னும் செஞ்சொல் பள்ளிப் பிள்ளையின் வாயிலும் வழங்கும்போது அதனைப் பெயர்ப்பலகையில் ஏற்ற எந்த அரசுக்கும் மனம் வரவில்லை. இன்னொன்றும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்த அந்நாட்டின் வானொலியில்தான் மயில்வாகனனும் கே. எசு. இராசாவும் பேசிய தெளிந்த தமிழைத் தமிழ்நாடே செவிமடுத்துக் கிடந்தது. பகைத்த அரசின் நிலையத்தில் ஒலித்த அளவுக்குக்கூட நல்ல தமிழ், உறவென்று சொல்லிக்கொள்ளும் அரசின் நிலையத்தில் ஒலிக்கவில்லை என்றால், அதனை எப்பெயரால் அழைப்பது?

வானொலியின் கதையும் வேறன்று. 1939இல் திருச்சிராப்பள்ளியில் நிலையம் தொடங்கிற்று. வானொலி என்னும் அழகிய சொல் தமிழர் நாவில் நிலைபெற்றது. ஆயினும் 1930களில் மைசூரில் ஒரு தனியார் நிலையத்துக்கு இடப்பட்ட ஆகாசவாணி என்னும் பெயரை 1957இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு எழும்போதெல்லாம் பின்வாங்குவதும், அது தணிந்ததும் முன்னேறுவதும் தில்லியின் பழைய பழக்கம். 2023 மே மாதத்தில் ஆங்கில ஒலிபரப்பிலும் அகில இந்திய வானொலியின் ஆங்கிலப் பெயரை விடுத்து ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என ஆணை பிறந்தது. அதற்கு முன்பே, 2020 இறுதியில், மாநில மொழித் தொலைக்காட்சிகளில் நாள்தோறும் 15 நிமிடம் சமற்கிருதச் செய்தி வர வேண்டும் என்ற ஆணையும் வந்தது. முகவைக் கரையின் எந்த மீனவக் குடிசையில் அச்செய்திக்காகக் காத்திருந்தார்கள்?

2000ஆம் ஆண்டில் தூர்தர்சனின் தமிழ் அலைவரிசைக்குப் பொதிகை என்று பெயர் வைத்தனர். தமிழ் பிறந்த மலை எனத் தமிழர் போற்றும் மலையின் பெயர் அது. 2024 சனவரி 19இல் அப்பெயரும் போயிற்று. 'டிடி தமிழ்' வந்தது. தமிழ் என்றே பெயர் வைத்திருக்கிறார்களே, பிறகென்ன குறை என்று சிலர் கேட்கின்றனர். தூர்தர்சன் என்பதன் தலையெழுத்துகளை முன்னே நிறுத்தி, தமிழைப் பின்னே வால்போல் ஒட்டியது பெயரன்று, பட்டியல் எண். அதே ஆண்டு அக்தோபர் 18இல், சென்னைத் தூர்தர்சனில் நடந்த இந்தி மாத நிறைவு விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடம் என்னும் சொல் வரும் அடி விடுபட்டது. பிறகு வருத்தம் தெரிவித்தனர். தமிழ்நாட்டின் தலைநகரில் இந்திக்கு ஒரு மாதம் எதற்கு என்பதற்கு மட்டும் எவரும் விடை சொல்லவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது, பயன்தானே வேண்டும் என்பாரும் உளர். பயனையே பார்ப்போம். முகவைக் கடலோடிக்கு வடகாற்று வாடை, கீழ்க்காற்று கொண்டல், தென்காற்று சோழகம், மேல்காற்று கச்சான். நீரோட்டம் அவனுக்கு நீவாடு. எந்தக் காற்றில் எந்த மடையில் எந்த வலை என்பதெல்லாம் அச்சொற்களுக்குள் அடங்கிய அறிவு. 1964 திசம்பர் 22 இரவில் தனுக்கோடியையும், பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியையும் கடல் விழுங்கிய கரை இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்க்கு எச்சரிக்கை போய்ச் சேராத கொடுமையையும் தமிழ்நாடு கண்டது. எச்சரிக்கை எட்டவும் வேண்டும். எட்டியது விளங்கவும் வேண்டும். காற்றழுத்தத்தையும் காற்றின் விரைவையும் எண்ணாகப் படித்துவிட்டுப் போகும் அறிக்கை, கச்சான் திரும்புகிறது, கரையேறுங்கள் என்று சொல்லும் ஒரு வரிக்கு ஈடாகாது.

அந்த வரியைச் சொல்ல ஒரு நிலையம் பாம்பனில் உண்டு. 2016 ஆகத்து 15இல் மீனவர்க்கென்றே தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' 90.4 பண்பலை அது. பெயரே தமிழ், பேச்சும் கரையின் பேச்சு. ஆனால் சமூக வானொலிக்கு இந்திய அரசு விதித்த விலங்குகளைப் பாருங்கள்! அதன் அலைக்கம்பம் 30 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. பரப்பும் ஆற்றல் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக்கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதன் குரல் தேய்ந்துவிடும். மீனவன் வலை வீசும் தொலைவோ அதற்கும் அப்பால். வானிலையைச் சொல்லலாம் என்று விட்டுவைத்தவர்கள் செய்தி சொல்லும் உரிமையை மறுத்துவிட்டனர். செய்தி வேண்டுமாயின் அரசு வானொலியின் செய்தியை வாங்கி அப்படியே தர வேண்டுமாம். 1974இல் கச்சத்தீவை எவரையும் கேளாமல் தாரைவார்த்த பின், இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளுக்கும் ஆட்களுக்கும் கணக்கெழுதி மாளாத கரை இது. பிடிபட்டவன் அண்ணனோ தம்பியோ, அந்தச் செய்தியைத் தன் நிலையத்தில் தன் வாயால் சொல்லும் உரிமை முகவை மீனவனுக்கு இல்லை!

அதே தீவுப்பகுதியில் 323 மீட்டர் தூண் நிற்கிறது. நாடெங்கும் தூர்தர்சனின் பழைய தரைவழி ஒளிபரப்புக் கருவிகளில் பெரும்பாலானவை 2022க்குள் நிறுத்தப்பட்டன. மக்கள் செயற்கைக்கோள் தட்டுக்கும் கம்பிவடத்துக்கும் மாறிவிட்டனர். இனியும் அந்த உயரத்தைத் தில்லி ஒன்றே ஆள வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்ல இயலாது. கடல் ஓசையின் அலைக்கம்பம் அத்தூணின் மேல் ஏறட்டும். 30 மீட்டர் விதியும் 100 வாட்டு விதியும் கடற்கரை நிலையங்களுக்கு நீங்கட்டும். செய்தித் தடை ஒழியட்டும். வாடைக்கும் கொண்டலுக்கும் அத்தூணிலிருந்து நாள்தோறும் விடியலுக்கு முன் ஒரு வேளை ஒதுக்கப்படட்டும். தூணின் அடியில் 'தொலைக்காட்சி' என்றும் 'வானொலி' என்றும் தமிழில் பலகை வைக்கப்படட்டும். முகவையின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் இவற்றுள் எதனை இதுவரை எழுத்தில் கேட்டார்கள் என்பதை, அடுத்த முறை அவர்கள் வாக்குக் கேட்டுப் பாம்பன் பாலம் கடக்கும்போது கரையிலேயே நிறுத்திக் கேளுங்கள்.