அக்டோபர் கடந்த பின்

ஒரு பொது நிறுவனம், தனக்குத் தோள்கொடுத்து நின்றவர்களை ஆண்டுக்கொருமுறை நினைவுகூர்ந்து பெருமை செய்யும்போது, நெடுநாள் நிலுவையில் கிடந்த கடனையே செலுத்துகிறது. அதனைத் தன் தயவாக எண்ணிக்கொள்ளும் உரிமை அதற்கு இல்லை. நோயுற்றோரின் உயிரைக் கையேற்கும் நிறுவனத்துக்கு இக்கடமை இன்னும் கனமானது. அங்கே பணியாளரிடையே காட்டப்படும் வேற்றுமை, பதவியோடும் ஊதியத்தோடும் நின்றுவிடாமல் நோயாளியின் படுக்கைவரை வந்து சேரும்.

பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர் மாதம் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. மருத்துவமனைகளிலும் அதன் பொருட்டு உரைகள் நிகழ்கின்றன. கரிபியத் தீவுகளின் உணவு பரிமாறப்படுகிறது. மூத்த செவிலியரின் படங்கள் சுவரேறுகின்றன. இவற்றை வெறுஞ்சடங்கென்று ஒதுக்குவோர் உளர். நாம் ஒதுக்கமாட்டோம். தம் பாட்டியின் தலைமுறை அந்நாட்டுக்கு என்ன செய்தது என்பதை இளஞ்செவிலி ஒருவர் தாம் பணிபுரியும் இடத்திலேயே அறிந்துகொள்வது சிறிய நன்மையன்று. நம் கவலை, நவம்பர் பிறந்தபின் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

1948 ஜூன் 22ஆம் நாள், ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் கரிபியத் தீவினரைச் சுமந்து டில்பரித் துறையில் நின்றது. பதின்மூன்று நாள் கழித்து, ஜூலை 5 அன்று, தேசிய சுகாதார சேவை தொடங்கியது. ஆளின்றித் தவித்த அச்சேவைக்காகத் தீவுகளிலேயே தேர்வுக் குழுக்கள் அமைத்து இளம்பெண்களை அழைத்தனர். வந்தவர்களுள் பலர், மூன்றாண்டுப் பயிற்சி பெற்றுப் பதிவுபெற்ற செவிலியராகும் தகுதி உடையவர்களாயிருந்தும், இரண்டாண்டுப் பயிற்சி கொண்ட கீழ்நிலைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையொப்பமிடும்போது அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. கீழ்நிலைப் பிரிவின் சான்றிதழைக் கொண்டு மேற்பதவிக்கு உயர வழியில்லை. ஊர் திரும்பினாலோ அதற்கு அங்கே மதிப்பில்லை. கயானாவில் பிறந்த டாஃப்னி ஸ்டீலால், அச்சேவையின் முதல் கறுப்பினத் தலைமைச் செவிலியாக 1964இல்தான் அமர முடிந்தது.

அழைத்த நாடே பின்னாளில் அவர்களை மறந்தது என்பதற்கு, அவ்வாறு வந்தவர்களிடமும் அவர்தம் பிள்ளைகளிடமும் குடியுரிமைச் சான்று கேட்டு உரிமைகளை மறுத்த, 2018இல் வெளிப்பட்ட விண்ட்ரஷ் அநீதி சான்று. செவிலிப் பணிக்கென ஜமைக்காவிலிருந்து வந்த தாயின் மகன், நாற்பதாண்டுக்கு மேல் இலண்டனில் வாழ்ந்தவர், குடியுரிமைத் தாள்களைக் காட்ட இயலவில்லை என்பதற்காக, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 54,000 பவுண்டு கட்டுமாறு பணிக்கப்பட்டார். தாய் உழைத்த சேவை மகனிடம் விலை கேட்டது. இதனை எழுதும்போதும் நெஞ்சு பதைக்கிறது.

மரபை அறிதல் மருத்துவ அறிவின் பகுதி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க, கரிபிய வழியினரை மிகுதியாகத் தாக்கும் அரிவாள் செல் சோகை, பிரிட்டனில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. நைஜீரியத் தந்தைக்கும் அயர்லாந்து வழித் தாய்க்கும் பிறந்த செவிலி எலிசபெத் அனியோன்வு, 1979இல் பிரென்ட் பகுதியில் அந்நோய்க்கெனத் தனி ஆலோசனை நிலையம் அமைவதற்குப் பெருங்காரணமானார். இன்று இங்கிலாந்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தியெடுக்கும் சிறுதுளிக் குருதியில் அந்நோயும் சோதிக்கப்படுகிறது. கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேணிய ஜமைக்காவின் மேரி சீக்கோலுக்கு, இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் 2016இல் சிலை எழப் போராடியவர்களுள் அனியோன்வும் முன்னின்றார். சிலைக்கும் சோதனைக்கும் ஒருவரே பாடுபட்டார் என்பதைக் கொண்டாட்டக் குழுவினர் கருத்தில் கொள்வாராக.

தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும், நிறத்தைப் பார்த்தல் தகாது என்பார் கூற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் அவ்வளவுகோல் நேராக இருக்கிறதா என்பதே வினா. பணியாளர் இனச் சமத்துவத்துக்கென 2015 முதல் இங்கிலாந்தில் ஒன்பது அளவைகள் நடைமுறையில் உள்ளன. தகுதி ஆய்ந்து நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களுள்ளும், வெள்ளையரே பணியமர்த்தப்படும் வாய்ப்பு கூடுதல் என்று அவற்றின் ஆண்டறிக்கைகள் காட்டிவந்துள்ளன. எனினும், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவதில் இருந்த இடைவெளி முன்னிலும் குறைந்திருக்கிறது; முறையான விசாரணை தேவைதானா என்று முன்கூட்டியே மறுபரிசீலனை செய்யும் வழக்கம் பல மருத்துவமனைகளில் வந்ததும் இதற்குத் துணைநின்றது. எண்ணிப் பார்த்து, பொறுப்பேற்கச் செய்தால் திருத்தம் வரும் என்பதற்கு இது முன்னுதாரணம்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று, பிறர் விரும்பாத முதியோர் மருத்துவத்தையும் மனநல மருத்துவத்தையும் ஏற்று நடத்திய மருத்துவர்களுள் தமிழரும் உண்டு. ஆகவே இவ்வழக்கு நமக்கும் அயலானதன்று.

ஆட்சிக்குழுக்களிடம் நாம் வேண்டுவது இது: நேர்காணலில் தேர்வுபெறாதவர்க்குக் காரணத்தை எழுத்தில் தருக, பதவி உயர்வுக்கு வழிவகுக்கும் பயிற்சிகளும் தற்காலிகப் பொறுப்புகளும் எவர்க்கு அளிக்கப்பட்டன என்பதை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுக, இடைவெளி குறையாத துறையின் தலைவரை அதற்கு விடையளிக்கச் செய்க. இவற்றை அக்டோபர் விழாவின் அதே மேடையில், அழைக்கப்பட்ட மூத்த செவிலியரின் முன்னிலையிலேயே அறிவிக்கலாம்.