துவாதசிப் பாரணையும் கூந்தலும்

முதல் முடி இறக்கிய குழந்தைக்கு அடுத்து வளரும் முடி அடர்த்தியாக வரும் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கும் நம்பிக்கை. காணிக்கையின் பொருள் வேறு. அதை விவாதிக்க நான் முற்படவில்லை. ஆயினும் முடியின் பருமனைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் உள்ள வேர்ப்பையே. சவரக்கத்தி அதனைத் தொடுவதில்லை. மழித்த முனை தட்டையாக இருப்பதால் கைக்குத் தடித்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே.

இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, திருக்கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடி ஊர் திரும்பியவர்களுள் சிலர், உப்புநீர் பட்டதால்தான் முடி கொட்டுகிறது என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். உப்புநீர் முடித்தண்டை வறளச் செய்யும். நல்ல நீரில் அலசினால் அது தீரும். கொத்தாக வேரோடு உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் நடந்ததாக இருக்கும். கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, உடல் மெலிவதற்காக மேற்கொண்ட பட்டினி ஆகியவை அத்தகையவை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிரும்போது பழைய நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வங்கியில் பணியாற்றியவனாதலால் எனக்கு இது இருப்புக் கணக்காகவே தோன்றுகிறது. வரவு குறையும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது அலங்காரச் செலவு. உடலும் அவ்வாறே இதயத்திற்கும் மூளைக்கும் முதலில் வழங்கிவிட்டு, முடியைக் கடைசியில் நிறுத்துகிறது. அதனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே, இரும்புச் சத்தின் சேமிப்பாகிய பெரிட்டின் வற்றிப்போயிருக்கக் கூடும். நடப்புக் கணக்கில் பணம் இருக்கிறது, வைப்புத்தொகை கரைந்துவிட்டது என்பது போன்ற நிலை இது.

2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்றும், ஆணுக்கு 19 போதும் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. நம் வீடுகளிலோ கடைசியில் மிஞ்சியதை உண்பவர் பெரும்பாலும் பெண்ணே. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று விரதங்களை ஏற்று, இடையிடையே தேநீரை மட்டும் பருகி நாளைக் கழிப்பவரும் அவரே. அவர் தலைக்கு விலையுயர்ந்த எண்ணெய் வாங்கித் தருவதைக் காட்டிலும், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நலம்.

இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த துவாதசிப் பாரணை என்னை வியக்க வைக்கிறது. ஏகாதசி உபவாசத்தை முடிக்கும் அந்த உணவில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இடம்பெறுகின்றன. கீரையில் உள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. சிறு பகுதியே உள்ளே செல்லும். உடன் வைட்டமின் சி சேருமானால் ஏற்கும் அளவு கூடும். நெல்லிக்காயில் அது மிகுதி. காரணம் கருதித்தான் இப்படிச் சேர்த்தார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பழக்கம் கைவசம் இருக்கிறது. மாதம் இருமுறை என்பதை வாரம் மூன்றுமுறை ஆக்கிக்கொள்ளலாம். முருங்கைக்கீரைக்கு எலுமிச்சை பிழிவதும் அதே பயனைத் தரும். சாப்பிட்ட உடனே காப்பியோ தேநீரோ அருந்தினால் அந்த ஆதாயம் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். சோறும் ரசமும் அதைத் தாரா. நவராத்திரிச் சுண்டலை ஒன்பது நாளோடு நிறுத்துவானேன்? பாசிப்பயறு, உளுந்தங்களி, தயிர், எள்ளுருண்டை எல்லாம் நம் அடுக்களையில் உள்ளவை. மீன் உண்ணும் கரையோரக் குடும்பத்தாருக்குச் சாளையும் நெத்திலியும் விலை மலிந்த புரதம். மரக்கறி மட்டும் உண்போர் பி12 சத்துக்காகப் பாலையும் தயிரையும் விடலாகாது. கீரையிலும் பருப்பிலும் அது இல்லை. கருப்பட்டி இரும்பை வாரி வழங்கும் என்பார்கள். ஒரு குவளைக் காப்பியில் கரையும் கருப்பட்டி எவ்வளவு? சுவைக்காக உண்ணலாம்.

கடலோரத்தாருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கடலிலிருந்து வருவதால் கல்லுப்பில் அயோடின் உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். உப்பளத்தில் விளையும் உப்பில் அது மிகச் சொற்பம்; பின்னரே கலக்கப்படுகிறது. வாலிநோக்கம் உப்பளத்தின் அருகில் குடியிருந்தாலும், அயோடின் சேர்த்த உப்பா என்று உறையைப் பார்த்தே வாங்க வேண்டும். அயோடின் குறைந்தால் தைராய்டு குன்றும். தைராய்டு குன்றினால் முடி உதிரும்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளர்வதால், உணவை மாற்றிய பின் நான்கைந்து மாதங்கள் பொறுக்க வேண்டியிருக்கும். அதற்குள் பொறுமையிழந்து மாத்திரைக் கடையை நாடுவோர் பலர். வைட்டமின் ஏ, செலினியம் ஆகியவை அளவு மீறினால் அவையே முடியை உதிர்க்கும். வட்டவட்டமாக உதிர்ந்தாலும், உடல் சோர்வு சேர்ந்தாலும் மருத்துவரிடம் சென்று பெரிட்டினையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை உண்டுவருவோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தைராய்டு பரிசோதனை முடிவை அது பிறழச் செய்யக்கூடும்.