பூட்டப்படும் நூலகக் கணினியும் தங்க வயலின் தமிழும்

பொது நூலகக் கணினியின் அமைப்புகளை வருவோர் போவோர் மாற்றிவிடாதபடி பூட்டி வைப்பது வெறும் பராமரிப்பு வேலையாகவே கருதப்படுகிறது. ஆனால் எதைப் பூட்டுவது என்ற முடிவே அக்கணினி யாருக்குப் பயன்படும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. கோலார் தங்க வயல் போன்ற ஓர் ஊரில் இது மொழியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

சுரங்கவேலைக்காக வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் அங்குப் பெருந்தொகையினர். வாசிப்பு அவர்களுக்குப் புதிதன்று. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' என்ற பெயரில் தங்க வயலிலிருந்தே வெளிவந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுவது பலருடைய வாழ்க்கைமுறை ஆயிற்று. வேலைக்கு விண்ணப்பிக்கவும் வருங்கால வைப்புநிதிக் கணக்கைப் பார்க்கவும் கணினி வேண்டும். அது வீட்டில் இல்லாதோர்க்குப் பொதுக் கணினியே துணை.

இத்தகைய கணினியில் ஒருவர் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துத் தட்டச்சு செய்து, மாற்றியதை மாற்றியபடியே விட்டு எழுந்து போகிறார் என்று கொள்வோம். அடுத்து அமர்பவர் ஆங்கிலத்தில் கடவுச்சொல்லை அடித்தால் அது ஏற்கப்படுவதில்லை. கணினி கெட்டுவிட்டது என்று முறையிடுகிறார். நூலகப் பணியாளர் கட்டுப்பாட்டுப் பலகத்தையே யாரும் திறக்க முடியாதபடி முடக்கிவிடுகிறார். அவரைக் குறைசொல்வதற்கில்லை, பல நூலகங்களில் புத்தகம் வழங்குபவரும் கணினியைக் கவனிப்பவரும் ஒருவரே. ஆயினும் விளைவு என்ன? விண்டோஸில் தமிழ் எழுத்துரு உள்ளமைந்தே வருவதால் தமிழைப் படிக்கலாம், எழுத முடியாது. பார்வை குன்றிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியும் அதே பூட்டில் அகப்பட்டுக்கொள்கிறது.

தடுப்பதற்கு மாற்றாக மீட்டெடுக்கும் முறை ஒன்று நெடுங்காலமாகவே உண்டு. நூலகங்களையும் பள்ளிகளையும் கருதி மைக்ரோசாப்ட் இலவசமாக அளித்த ஸ்டெடிஸ்டேட் மென்பொருள் அவ்வகையைச் சேர்ந்தது. 2011இல் அதற்கான ஆதரவை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது ஏழை நூலகங்களுக்கு நேர்ந்த இழப்பே. கட்டண மென்பொருளான டீப் ஃப்ரீஸ் இன்றும் அதைத்தான் செய்கிறது: வாசகர் எதை மாற்றினாலும், கணினியை நிறுத்தித் தொடங்கியதும் பழைய நிலை திரும்பிவிடும். லினக்ஸில் வெளியேறியவுடன் அழிந்துபோகும் விருந்தினர் கணக்கைக் கட்டணமின்றியே அமைக்கலாம்.

இம்முறை காப்பது கணினியை மட்டுமன்று. சுவர்ப்படம் மாறுவதில் யாருக்கும் பெரிய கேடில்லை. உலாவியில் சேமிக்கப்பட்டுவிடும் கடவுச்சொல்லும், பதிவிறக்கக் கோப்புறையில் விட்டுச்செல்லப்படும் ஆதார் நகலுமே உண்மையான ஆபத்து. கட்டுப்பாட்டுப் பலகத்தை மூடுவதால் இவை அழிவதில்லை. ஒருவர் எழுந்ததும் மறுதொடக்கம் செய்தால் அழிகின்றன.

குறைகளும் உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், அவற்றுக்கென உறைநிலையை நீக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மின்சாரம் போனால் பாதி நிரப்பிய விண்ணப்பமும் போய்விடும். பென் டிரைவில் சேமிக்குமாறு திரைக்கருகே எழுதி ஒட்டுவது அவசியம். பென் டிரைவிலிருந்து கணினியையே தொடங்கும் வழியை மட்டும் பயாஸ் கடவுச்சொல்லிட்டு உறுதியாக அடைக்கத்தான் வேண்டும்.

எனவே, உறையவைக்கப்படும் அந்த அடிப்படை நிலையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதே விவாதிக்கத்தக்கது. கன்னடம் மாநில ஆட்சிமொழி. அதன் இடம் முதலில். அதனோடு தமிழ், தெலுங்கு, உருது விசைப்பலகைகளை முன்கூட்டியே சேர்த்து வைத்தால் கன்னடத்துக்கு எந்தக் குறையும் நேராது. கர்நாடகப் பொது நூலகச் சட்டம், 1965, நிலம் கட்டடங்கள் மீதான வரியோடு நூலக வரியையும் சேர்த்தே வாங்க வழிசெய்கிறது; அவ்வரியைச் செலுத்துவோரின் தாய்மொழியை எவரும் கேட்பதில்லை. விசைப்பலகைகளைச் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும், செலவு ஏதுமில்லை. ஆனால் அது உறையவைப்பதற்கு முன்பே நடந்தாக வேண்டும்; பின்னர் வாசகர் சேர்ப்பது அடுத்த மறுதொடக்கம் வரைதான் நிற்கும்.