இருக்கு முதலாளி

“தம்பி, பேக்கப் எல்லாம் இருக்குல்ல?”

“இருக்கு முதலாளி.”

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நூல் மில், பேண்டேஜ் துணிக் கம்பெனி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கெல்லாம் ஒரு சர்வர் பெட்டி ஓடுகிறதோ, அங்கெல்லாம் இந்த இரண்டு வரி வருடத்துக்கு ஒரு தடவையாவது பேசப்பட்டிருக்கும். பதில் சரிதானா என்று கேட்டவருக்குத் தெரியாது. சொன்ன எங்களுக்கும் தெரியாது. தெரியாமலே சொன்னோம். பல வருடமாகச் சொல்லிவருகிறோம்.

நாங்கள் என்றால் இந்த ஊர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள். சிலர் ஒரே மில்லில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறோம். பலர் வருடக் காண்ட்ராக்ட் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து இடங்களுக்கு அலைகிறோம். நான் சுந்தரபாண்டியத்துக்காரன். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு போகிற ரோட்டில், தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர். தறியை விட்டுக் கீபோர்டுக்கு வந்த முதல் தலைமுறை நாங்கள். வந்த இடத்தில் வீட்டில் கற்ற ஒழுக்கத்தை மறந்தோம் என்பதுதான் எங்கள் மீது நாங்களே வைக்கும் குற்றச்சாட்டு.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்தில் கணக்கெல்லாம் காகிதம். காகிதம் எரியும், நனையும், கரையான் தின்னும். ஆனால் ஒரு விஷயம் ஒரே இடத்தில் மட்டும் இருக்காது. பில் புத்தகத்தில் கார்பன் நகல், கேட்டில் ஒரு ரிஜிஸ்டர், கிடங்கில் ஒரு சரக்குப் புத்தகம், கணக்குப்பிள்ளை மேஜையில் நாள்வழியும் பேரேடும் என்று ஒரே மூட்டை நூலுக்கு நாலு இடத்தில் எழுத்து இருந்தது. ஒன்று தொலைந்தால் மற்ற மூன்றை வைத்துத் திரும்ப எழுதிவிடலாம். யாரும் அதை பேக்கப் என்று சொல்லவில்லை. அது வேலையின் நடைமுறைக்குள்ளேயே இருந்தது.

கம்ப்யூட்டர் வந்து நாலையும் ஒன்றாக்கியது. ஆரம்பத்தில் கணக்கு மென்பொருளான டேலிக்கு ஒரு பெட்டி, கம்பெனியின் மொத்த வேலையையும் பார்க்கும் ஈ.ஆர்.பி.க்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என்று தனித்தனியாகவாவது இருந்தது. பிறகு விர்ச்சுவல் மெஷின் வந்தது. ஒரு பெரிய பெட்டியை வாங்கி, அதற்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் மென்பொருளால் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. காம்பவுண்டு வீடு மாதிரி. ஐந்து குடித்தனம், ஐந்து தாழ்ப்பாள்; சுவரும் கூரையும் ஒன்று. கரண்ட் மிச்சம், இடம் மிச்சம். ஒவ்வொரு மெஷினும் வெறும் சில கோப்புகள்தான் என்பதால் நகலெடுப்பது முன்னைவிடச் சுலபம். அந்தச் சுலபம் எங்களைக் கெடுத்தது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் எடுக்காமலே இருந்தோம்.

என்னிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு மில், பெயர் வேண்டாம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.ஆர்.பி. அப்டேட். அதற்கு முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அப்டேட் நல்லபடியாக முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை நீக்க மறந்தேன். ஸ்னாப்ஷாட் என்பது நகல் அல்ல. அந்த நேரத்தில் இருந்த வட்டுக் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு எழுதுவதையெல்லாம் பக்கத்தில் இன்னொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். முதல் கோப்பு போனால் இரண்டாவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று இந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளைச் செய்யும் வி.எம்.வேர் கம்பெனியே சொல்கிறது. நான் எட்டு மாதம் வைத்தேன். தீபாவளி போனஸ் பட்டியல் ஓட வேண்டிய நாளில் டிஸ்க் நிரம்பி மெஷின் நின்றது. ராத்திரி முழுக்க இடம் ஒதுக்கி, இரண்டு கோப்பையும் ஒன்றாக்கி, விடியும்போது எழுப்பினேன். முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, “ராப்பகலா நின்னு காப்பாத்திட்ட தம்பி” என்றார். நின்றதற்குக் காரணமே நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

இப்படிச் சொல்லாமல் விட்டது எங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. பேக்கப்பை அதே பெட்டியின் இன்னொரு டிஸ்கிலேயே எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் உண்டு. இரண்டு டிஸ்க் ஒன்றை ஒன்று பிரதி செய்யும் ரெய்டு இருந்தால் போதும் என்று நம்பியவர் உண்டு. ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும், ஒருவர் தவறி அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே டேலி ஃபோல்டரை இழுத்துப் பென் டிரைவில் போட்டவர் உண்டு. எழுதிக்கொண்டிருக்கிற நோட்டைப் பாதி வரியில் ஜெராக்ஸ் எடுத்தது போன்றது அது. ‘பேக்கப் நடக்கவில்லை’ என்ற எச்சரிக்கை மெயில், வேலையை விட்டுப்போன பையனின் முகவரிக்கு ஒன்றரை வருடம் தினமும் போய்க்கொண்டிருந்த இடமும் உண்டு. மெஷின் மறக்காமல் கடமையைச் செய்தது.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. லைசென்ஸ் செலவு மிச்சம் என்று வி.எம்.வேரின் இலவசப் பதிப்பைப் பல இடங்களில் போட்டோம். அந்தப் பதிப்பில், வெளியிலிருந்து பேக்கப் மென்பொருள் மெஷின்களை நகலெடுக்கும் வழியே அடைக்கப்பட்டிருக்கும். மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று முதலாளியிடம் சொன்னோம். அதற்கு விலையாக எதை இழந்தோம் என்பதைச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸை டிசம்பரிலேயே நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பும் போனது. அடுத்த வருடம்தான் திரும்ப வந்தது. எல்லாப் பழியையும் பிராட்காம் மேல் போட எங்களுக்கு வசதியாகிவிட்டது. அதற்கு முந்தைய பத்து வருடம் யார் கணக்கு?

அப்டேட் போடாததும் எங்கள் கணக்குதான். ஓடுகிறதைத் தொடாதே என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. 2023 பிப்ரவரியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வி.எம்.வேர் சர்வர்களை ஒரே வீச்சில் பூட்டிப்போட்டு, திறக்கப் பணம் கேட்டது ஒரு கும்பல். அவர்கள் நுழைந்ததாகக் கருதப்பட்ட ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2021 பிப்ரவரியிலேயே வெளியாகியிருந்தது. இரண்டு வருடம் தொடாமல் இருந்தவர்களின் பெட்டிகள்தான் பெரும்பாலும் சிக்கின. எங்கள் பெட்டிகள் தப்பியதற்குக் காரணம் எங்கள் திறமை அல்ல. பலவும் இணையத்துக்கு நேரே திறந்து வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

சின்ன ஊர், சின்னக் கம்பெனி என்பதால்தான் இப்படி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அரசாங்கங்களே இப்படித்தான் மாட்டியிருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுடில் பணம் பறிக்கும் மென்பொருள் புகுந்தது. நேரடி அமைப்போடு பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. சேவையைச் சீக்கிரமே எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17-லிருந்து ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. பாதிக்கப்பட்ட முகவரிகள் சுமார் 5,000. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். ஓடிக்கொண்டிருந்தது 2013-ஆம் வருடத்து எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் மென்பொருள். புதுப்பிக்க நினைத்தோம், நிதி இல்லாமல் தள்ளிப்போனது என்று பொறுப்பிலிருந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘அடுத்த வருஷ பட்ஜெட்ல பாத்துக்கலாம்’ என்று நாங்கள் எழுதிக்கொடுத்த கொட்டேஷன்கள் கண்முன் வந்தன.

தென் கொரியாவிடம் காசுக்கோ தொழில்நுட்பத்துக்கோ குறைவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் நகல் வைக்கவில்லை. பெரிது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள் அவர்கள். சிறிது என்பதால் எடுக்கவில்லை என்கிறோம் நாங்கள்.

மாறாக ஒன்றும் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டும் பேனாவுமாக ஆஸ்பத்திரி நடந்தது. ஆனாலும் நோயாளிகளின் பதிவுகள் திரும்பக் கிடைத்தன. ஒரு பேக்கப் சர்வர் மட்டும் அந்தத் தாக்குதலில் சிக்காமல் தனியே இருந்தது. அந்த ஒன்றுதான் வித்தியாசம். எங்கள் இடங்களில் பேக்கப் பெட்டிக்கும் சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு; ஒரு திருடன் வந்தால் இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி.

வழக்கமான சாக்குகளைச் சொல்லிப் பார்க்கிறேன். காசு என்போம். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸும் அதற்கான பேக்கப் சர்வரும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீயம் என்ற பேக்கப் மென்பொருள் பத்து மெஷின் வரை காசு கேட்பதில்லை. சட்டம் கேட்கிறதா என்போம். கேட்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். எங்கள் பேக்கப் எட்டு நாளைக்குப் பின்னால் போகுமா என்பதே சந்தேகம். மின்தடை என்போம். மாதப் பராமரிப்புக்கு எந்த நாளில் கரண்ட் நிறுத்துவார்கள் என்று பேப்பரில் முன்கூட்டியே வருகிறது. அன்று பெட்டியை முறையாக அணைத்து, எந்த மெஷின் முதலில் எழ வேண்டும், எது பிறகு என்று ஒரு தாளில் எழுதி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். டேட்டாபேஸ் எழுவதற்கு முன் ஈ.ஆர்.பி. எழுந்து முழித்துக்கொண்டு நிற்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! தாள் மட்டும் இன்னும் ஒட்டப்படவில்லை. வரிசை ஒருவர் மண்டைக்குள் இருக்கிறது. அவர் ஊருக்குப் போயிருப்பார்.

உண்மையான காரணம் வேறு. பேக்கப் வேலைக்குப் பாராட்டு கிடையாது. நின்றதை எழுப்பினால் டீ கிடைக்கும். நிற்காமல் பார்த்துக்கொண்டால், “இவனுக்கு என்ன வேலை” என்ற கேள்வி கிடைக்கும். பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து பார்க்கவும் ஒரு பயம். பார்த்தால் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ‘இருக்கு’ என்று சொன்னால் அது பொய். பார்க்காமல் சொன்னால் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் ஒளிந்துகொண்டோம்.

பார்த்துவிட்டு ‘இருக்கு’ என்று சொல்வதை எங்கள் ஊரில் யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை என்று சொல்ல முடியாது. சுந்தரபாண்டியத்துத் தறிக்குழியில் ஒரு பாவு நெய்து முடியும்போது, துணியை அறுக்கிறவர் கடைசி நுனியை அச்சிலும் விழுதிலும் விட்டுவிட்டுத்தான் அறுப்பார். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு சேர்த்துத் திரித்துப் பிணைப்பார்கள். நுனியை உருவி எறிந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் மறுபடி கோக்க வேண்டும். நாள்கணக்கில் தறி சும்மா கிடக்கும். தறி ஓடாத மாதத்திலும் நுனியோடு அச்சைச் சுருட்டிப் பத்திரப்படுத்துவார்கள். இழை சரியாக இருக்கிறதா என்று பிணைக்கும்போது விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். ‘நுனி இருக்கா?’ என்று கேட்டால் பார்க்காமல் பதில் சொல்லும் நெசவாளியை நான் கண்டதில்லை. அவர்கள் பிள்ளைகள் நாங்கள் பார்க்காமல் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது புதிதல்ல. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைத் தன் படங்களைக் காப்பாற்ற வழி தேடிய பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். ராஜபாளையத்து மில்லின் ஒரு டிஸ்க், பாஸ்வேர்டு போட்டு, வாரம் ஒரு தடவை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டு பீரோவுக்குப் போனால் அந்த ‘வேறு இடம்’ நிறைவேறிவிடும். பீரோவில் இருக்கிற டிஸ்கை எந்த வைரஸும் தொடாது. பேக்கப் பெட்டிக்குத் தனி பாஸ்வேர்டு. எச்சரிக்கை மெயில் இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் முதலாளி. வேலை முடிந்த ஸ்னாப்ஷாட்டை மூன்று நாளுக்குள் நீக்குவது.

முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறோம். ‘இருக்குல்ல?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பதிலைத் தானே சொல்லிக்கொடுக்கிறது. ‘காட்டு’ என்று கேளுங்கள்.

வருடாவருடம் ஆயுத பூஜைக்கு மில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது சர்வர் பெட்டிக்கும் வைக்கிறோம். அதன் பேக்கப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. கூட்டாளிகளே, இந்த வருடம் பொட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்வோம். ஒரே ஒரு மெஷினை பேக்கப்பிலிருந்து எடுத்து வேறொரு பெட்டியில் எழுப்புவோம். கணக்குப் பார்க்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேற்றுப் போட்ட கடைசி பில்லைத் திறக்கச் சொல்வோம். திறந்தால் முதலாளியிடம் போய் ‘இருக்கு’ என்போம். திறக்காவிட்டால், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, “இல்லை முதலாளி” என்போம்.