ஆபரேஷனுக்கு முன்பே காலுக்குப் பலம் வேண்டும்!

மூட்டு தேய்ந்தவர்களுக்குச் செயற்கை மூட்டு பொருத்த டாக்டர் நாள் குறிக்கிறார். அந்த நாள் வரை என்ன செய்வது? "அசையாமல் படுத்திருங்கள்" என்று வீட்டார் சொல்கிறார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனாலும் அது தவறு.

காரைக்கால் பகுதியில் உள்ள விழிதியூர் போன்ற ஊர்களில், சேற்றில் நின்று நாற்று நட்டே வயதான பெண்கள் உண்டு. முழங்கால் வலிக்கிறது என்று அவர்கள் கட்டிலோடு கிடந்தால் வலி தீராது. தொடைச் சதைதான் மெலியும்.

தாங்கும் தூண்

முழங்காலைத் தாங்கும் தூண், தொடையின் முன்புறச் சதை. டாக்டர் புது மூட்டு வைப்பார். புதுச் சதை வைக்க அவரால் முடியாது. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் அந்தச் சதையின் பலம் மேலும் குறையும். ஆகவே முன்கூட்டியே பலம் சேர்க்க வேண்டும். மழைக்கு முன்பே வரப்பைக் கட்டும் விவசாயிக்கு இது புரியும்.

என்ன பயிற்சி?

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்ட வேண்டும். 5 வினாடி நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். 10 தடவை செய்து, மறு காலுக்கு மாற்ற வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் நல்லது. முடியாதவர்கள் கை ஊன்றலாம். தினமும் சிறிது தூரம் நடக்கவும் வேண்டும்.

முதலில் டாக்டரையோ, பிசியோதெரபி நிபுணரையோ கேட்பது அவசியம். இருதய நோயாளிகள் கட்டாயம் கேட்க வேண்டும். மறுநாளும் வலியோ வீக்கமோ அதிகமாக இருந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

டென்மார்க்கில் நடந்தது

டென்மார்க்கில், ஆபரேஷனுக்கு ஏற்றவர்கள் என்று முடிவான 100 பேரை ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 பேருக்கு ஆபரேஷனும் பயிற்சியும். 50 பேருக்கு ஆபரேஷன் இன்றி, பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து முதலியவை. ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது பிரிவில் 13 பேரே ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பெரிய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம்.

ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குத் தயாராகப் போக வேண்டும் என்பதே முக்கியம்.

2017-ல் மத்திய அரசு செயற்கை மூட்டு விலைக்கு உச்சவரம்பு விதித்தது. நல்ல காரியம். நாற்காலிப் பயிற்சிக்கோ காசே வேண்டாம். நாள் குறிக்கும்போதே ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லித் தர வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டார் கேட்க வேண்டும். பாட்டியைப் படுக்கச் சொல்வதை விட, அவர் கூடவே நாலு அடி நடப்பது பெரிய உதவி!