குழந்தையின் உறக்கப்பையைச் சோதித்தது யார்?

கோட்டாற்றில் குளிர் கிடையாது.

மார்கழி மாதத்து இரவிலும் அங்கே 22, 23 டிகிரி வெப்பம் இருக்கும். ஒரு துப்பட்டி போதும். அதையும் குழந்தைகள் நடுச்சாமத்தில் காலால் உதைத்துத் தள்ளிவிடும்.

இந்த ஊரிலிருந்துதான் விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக மலைக்குப் புறப்படுகிறார்கள். நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் இருப்பதே கோட்டாற்றில்தான். இரவில் ரயில் ஏறி, வழியில் இறங்கி பஸ் பிடித்தால், மறுநாள் கொடைக்கானலில் நிற்கலாம். முன்பெல்லாம் மலைக்குப் போனால் ஓட்டலில் அறை எடுப்பார்கள். இப்போது கூடாரம் அடித்துத் தங்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். குழந்தைகள் நட்சத்திரம் பார்க்கும். காட்டுப் பறவை கூவுவதைக் கேட்டு விழிக்கும்.

கூடாரத்தில் கட்டில் கிடையாது. அதனால் 'ஸ்லீப்பிங் பேக்' என்று கடைகளில் விற்கும் உறக்கப்பையை வாங்குகிறார்கள். அது மெத்தைபோலத் தைத்த பை. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்திருக்கும். பக்கத்தில் ஜிப் இருக்கும். உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு படுத்துவிடலாம். குழந்தைகளுக்கென்று சின்னப் பையும் உண்டு. அதில் கரடி படமும் யானை படமும் போட்டிருப்பார்கள். கூடவே ஒரு சீட்டும் தொங்கும். '5 டிகிரி குளிர் வரை தாங்கும்' என்று அதில் எழுதியிருக்கும்.

தகப்பனார் அந்த எண்ணைப் பார்க்கிறார். பணத்தைக் கொடுக்கிறார். பையோடு வீட்டுக்கு வருகிறார்.

அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும்!

பொம்மை படுத்த கதை

உறக்கப்பை மேல்நாட்டுச் சரக்கு. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டில் பிரைஸ் ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி இருந்தார். போர்வையையே பைபோல மடித்துக் கட்டும் முறையைக் கண்டுபிடித்து, 1876ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரஷ்ய ராணுவத்துக்கே அதை ஆயிரக்கணக்கில் விற்றார்.

பிறகு ஆளுக்கு ஆள் பை செய்தார்கள். ஆளுக்கு ஓர் எண்ணும் எழுதினார்கள். எதை நம்புவது என்று வாங்குகிறவர் திண்டாடினார். ஆகவே 2002ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் ஒரு பொதுவிதி செய்தன. 2016ஆம் ஆண்டில் அதையொட்டி உலகப் பொதுவிதியும் வந்தது. அதன் எண் ஐ.எஸ்.ஓ. 23537.

சோதனை நடக்கும் விதம் வேடிக்கையானது. ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை. அதன் உடம்பு முழுவதும் மின்சாரத்தால் சூடாகும். அந்தப் பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்து, குளிர் அறையில் விடுவார்கள். அதன் சூட்டைக் குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளப்பார்கள். பை நல்ல பையானால் செலவு குறையும். அதை வைத்துக் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்வார்கள்.

கணக்கு யாருக்காக? 25 வயதுப் பெண் ஒருத்தி. உயரம் 160 சென்டிமீட்டர். எடை 60 கிலோ. அவள் சுகமாகத் தூங்கும் அளவு ஒன்று. 25 வயது ஆண் ஒருவன். உயரம் 173 சென்டிமீட்டர். எடை 73 கிலோ. அவன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் விழிக்காமல் தூங்கும் அளவு ஒன்று.

குழந்தை எங்கே?

இந்தக் கணக்கில் குழந்தையே இல்லை. 'குழந்தைகளின் பைகளுக்கு இது பொருந்தாது' என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. காரணமும் சொல்கிறது. குழந்தையின் உடம்புக்கு ஏற்ற கணக்கு முறை இன்னும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் குழந்தைகளைக் குளிர் அறையில் படுக்க வைத்துப் பார்க்கவேண்டும். அது தர்மம் அல்ல. அதனால் செய்யவில்லை.

நியாயமான காரணம்தான். எந்தத் தாய் தன் பிள்ளையை அதற்கு அனுப்புவாள்?

ஆனால் கடையில் தொங்கும் சீட்டில் இந்த விஷயம் இல்லையே! கரடி படம் போட்ட பையிலும் பெரியவர் பையில் இருப்பது போலவே எண் இருக்கிறது. அது செய்தவர் போட்ட கணக்கு. அனுபவத்தை வைத்துப் போட்டிருக்கலாம். பெரியவர் பையின் எண்ணை ஒட்டியும் போட்டிருக்கலாம். குழந்தைகளைப் படுக்க வைத்துக் கண்ட எண் அல்ல. 'இது குழந்தைகளுக்குச் சோதித்த அளவு அல்ல' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து விற்கவேண்டும். நாணயமான வியாபாரிக்கு இதில் நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

குழந்தை என்றால் சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவர் என்று நினைப்பதும் தவறு. ஒரு செம்பு நிறையச் சூடான பால். ஒரு சின்ன டம்ளரில் அதே பால். எது முதலில் ஆறும்? டம்ளர்தான். உடம்பின் எடைக்குத் தோலின் பரப்பு அதிகமாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும். குழந்தையின் உடம்பு டம்ளர் பால் மாதிரி.

கோட்டாற்றில் சோதிக்க முடியுமா?

பாதி முடியும். பாதி முடியாது.

பை வாங்கிய அன்றே குழந்தையை அதில் விட்டுப் பார்க்கவேண்டும். தட்டோடியில் பாய் விரித்து ஓர் இரவு படுக்க வைக்கலாம். குழந்தைக்கு அது விளையாட்டு. பெற்றோருக்குப் பரீட்சை. விளக்கை அணைத்துவிட்டு, "மக்களே, நீயே ஜிப்பைத் திறந்து வெளியே வா பார்ப்போம்" என்று சொல்லவேண்டும். இருட்டில் தானாக வெளியே வரத் தெரியாத குழந்தையை அந்தப் பைக்குள் விட்டு இரவெல்லாம் தூங்கக் கூடாது. சில ஜிப்புகள் துணியைக் கவ்விக்கொள்ளும். அது கோட்டாற்றில் தெரிந்தால் கடைக்காரரிடம் மாற்றலாம். கொடைக்கானலில் தெரிந்து என்ன பயன்?

நீளத்தையும் பார்க்கவேண்டும். 'வளருகிற பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம்மவர் வழக்கம். பள்ளிச் சட்டைக்கு அது சரி. உறக்கப்பைக்குச் சரியல்ல. குழந்தையின் காலுக்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தையும் அதன் உடம்புதான் சூடேற்றவேண்டும். பெரிய பையை வாங்கிவிட்டால், காலுக்குக் கீழே மிஞ்சிய பகுதியை மடித்துக் கயிற்றால் கட்டிவிடலாம்.

சூட்டைச் சோதிப்பதுதான் கடினம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கோட்டாற்றில் 22 டிகிரி இருக்கும் மார்கழி இரவில், அங்கே 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். மூணாற்றில் சில தை மாதத்து விடியலில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும்.

ஏ.சி. அறை உள்ளவர்கள் 18 டிகிரியில் வைத்து ஓர் இரவு பார்க்கலாம். அதில் தேறாத பை மலையில் தேறவே தேறாது. அதில் தேறிய பை மலையிலும் தேறிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. மலையில் முதல் இரவு கூடாரம் வேண்டாம். நாலு சுவர் உள்ள அறையில், தரையில் பையை விரித்துப் படுக்க வைக்கவேண்டும். கம்பளி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அந்த இரவு நன்றாகக் கழிந்தால் மறுநாள் கூடாரத்துக்குப் போகலாம்.

"பிள்ளையிடம் கேட்டால் தெரியாதா?" என்று சிலர் சொல்வார்கள். விழித்திருக்கும் பிள்ளை விளையாட்டு மும்முரத்தில், "குளிரவில்லை அம்மா" என்று சொல்லும். தூங்கும் பிள்ளை ஒன்றுமே சொல்லாது. தாய் எழுந்து தொட்டுப் பார்க்கவேண்டும். கையையும் காலையும் தொட்டால் ஏமாந்துபோவோம். நன்றாக இருக்கும் குழந்தைக்கும் விரல் ஜில்லென்று இருக்கும். பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே ஜில்லென்றிருந்தால் உடனே பெரியவர் பக்கத்தில் அணைத்துப் படுக்கவைத்து, மேலே கம்பளி போர்த்தவேண்டும். பிடரி வியர்த்திருந்தால் ஒரு சட்டையைக் கழற்றவேண்டும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை விடியற்காலையில் குளிரைக் கொண்டுவரும்.

பலர் மறப்பது தரையை. படுத்தவுடன் அடியில் உள்ள பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் சூடு நிற்காது. எவ்வளவு விலை கொடுத்த பையானாலும் கீழிருந்து குளிர் ஏறும். கோரைப்பாய் ஒன்று மட்டும் போதாது. அதன்மேல் தடித்த நுரைமெத்தை விரிப்பு வேண்டும். சொல்லப்போனால், பாதி விலைக்குப் பை வாங்கிவிட்டு மீதிப் பணத்தில் நல்ல விரிப்பு வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர். பை வாங்க வசதி இல்லாதவர்கள் வெட்கப்படவேண்டாம். நல்ல விரிப்பு, இரண்டு கம்பளி, ஓட்டல் அறை. பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை.

கைக்குழந்தையை இந்தப் பையில் போடவே கூடாது. முகம் உள்ளே போய்விட்டால் மூச்சு முட்டும். தாயின் பைக்குள்ளேயே சேர்த்துப் படுக்க வைப்பதும் அதே ஆபத்து. ஒரு வயது ஆகாத பிள்ளை இருந்தால் கூடார ஆசையை ஒத்திப் போடுவது நல்லது.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. குளிருக்குப் பயந்து கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கியவர் தூங்கியபடியே உயிர் போய்விடும். அறைக்குள் வைத்தாலும் அதே கதிதான்.

முதல் பயணத்தை மார்கழியில் வைக்காமல் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையிலும் கொடைக்கானல் இரவு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் தவறு நேர்ந்தாலும் தாங்கக்கூடிய குளிர். கூடாரம் அடிக்கும் இடத்துக்கு அனுமதி உண்டா என்பதையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

ஊர் திரும்பியதும் பையை வெயிலில் உலர்த்தி, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே பைதானே என்று அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஓர் ஆண்டில் பஞ்சு அமுங்கியிருக்கும். பிள்ளை வளர்ந்திருக்கும். மறுபடியும் தட்டோடியில் ஓர் இரவு படுக்க வைத்துப் பார்க்கவேண்டும்.