வட்டி மட்டுமா அறம் செய்ய வேண்டும்?

நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் எபோச்சா என்றோர் ஊர். அங்கே எண்ணெய் ஆலையில் எரிக்கப்படும் வாயுவின் புகையைச் சுவாசித்தே குழந்தைகள் வளர்ந்ததை 2007 ஜனவரியில் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளிதழ் அம்பலப்படுத்தியது. நைஜர் டெல்டா உட்பட உலகெங்கும் போலியோ, தட்டம்மைத் தடுப்புப் பணிக்கு கேட்ஸ் அறக்கட்டளை தந்தது 21.8 கோடி டாலர். எபோச்சா ஆலையை நடத்திய 'எனி' உள்ளிட்ட ஐந்து பெரிய எண்ணெய் நிறுவனங்களில் அது முதலீடு செய்திருந்ததோ 42.3 கோடி டாலர்.

ஓர் அறக்கட்டளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தத் துறையின் வழக்கமே இதுதான். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்தில் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். மீதி 95 சதவீதம் எங்கே போய் ஈட்டுகிறது என்று கேட்பவர் குறைவு. வரிச் சலுகை மூலநிதி முழுமைக்கும் கிடைக்கிறது. எனவே பதில் சொல்லும் பொறுப்பும் மூலநிதி முழுமைக்கும் உண்டு.

முதலைக் கரைக்காமலே அதை நற்பணியில் ஈடுபடுத்த முடியும். சுமார் 1,200 கோடி டாலர் மூலநிதி கொண்ட ஃபோர்டு அறக்கட்டளை, அதில் 100 கோடியைப் பத்து ஆண்டுகளில் மலிவு விலை வீடுகள், ஏழைகளுக்கான நிதிச் சேவைகள் போன்றவற்றில் முதலீடு செய்வதாக 2017இல் அறிவித்தது. அதே கேட்ஸ் அறக்கட்டளையும் பிற நன்கொடையாளர்களும் விற்பனை அளவுக்கு உத்தரவாதம் தந்தபோது, பேயர் நிறுவனம் ஏழை நாடுகளுக்கான தன் கருத்தடை உள்வைப்பின் விலையை 18 டாலரிலிருந்து 8.50 டாலராகக் குறைத்தது.

லாபம் குறைந்தால் நாளைய நன்கொடை குறையும், முதலைக் காப்பதே அறங்காவலரின் கடமை என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால், தம் நோக்கத்துக்கு முரணான முதலீடுகளை, நிதி இழப்பின் அபாயத்தை எடைபோட்டு விலக்க அறங்காவலர்களுக்கு உரிமை உண்டு என 2022இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு, அரசுக் கடன் பத்திரம், வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு என ஒரு பட்டியலுக்குள் அறக்கட்டளைப் பணத்தைக் கட்டிவைத்தது. மீறினால் வரிவிலக்குக்கு ஆபத்து. தொழிலதிபர்கள் அறப்பணத்தைத் தம் கம்பெனிகளுக்குத் திருப்பிவிடாமல் தடுக்க இந்த வேலி தேவைதான். ஆனால், நெசவாளர் நலனுக்காகவே தொடங்கப்பட்ட அறக்கட்டளைகூட, நெசவாளர்களே நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒரு பங்கு வாங்க முடியாது என்றால், வேலி பயிரையே மறைக்கிறது. 2022இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிமுறை வகுத்த சமூகப் பங்குச் சந்தையும் இதற்குத் தீர்வாகாது. லாப நோக்கற்ற அமைப்புகள் அங்கே வெளியிடும் பத்திரங்களுக்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. நடைமுறையில் அதுவும் நன்கொடையே.

மூலநிதியில் 10 சதவீதம் வரை, அறக்கட்டளையின் நோக்கத்தோடு நேரடியாகப் பொருந்தும் தொழில்களில் முதலீடு செய்ய அரசு அனுமதிக்க வேண்டும். அறங்காவலர்களுக்கோ அவர்களது குடும்பத்தினருக்கோ தொடர்புள்ள நிறுவனங்களுக்கு அந்தப் பணம் போகக் கூடாது. 'சமூகப் பயன்' என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. யாருக்கு என்ன கிடைத்தது என்பதைச் சுயேச்சையான தணிக்கையாளர் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும்.

சட்டத் திருத்தம் வரும்வரை அறக்கட்டளைகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தங்கள் பணம் எந்தெந்த வங்கியில், எந்தெந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்ற முழு விவரத்தை வெளியிட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பொதுமக்களிடம் நன்கொடை கேட்கும் ஒவ்வோர் அமைப்பும் இதை அடுத்த ஆண்டறிக்கையிலேயே செய்ய வேண்டும்.